அன்மெட் ஹவர்ஸ் 300-ஐத் தாண்டினால் முதலில் காயிலைத் தொடாதீர்கள்

கட்டிடம் வருடத்துக்கு எவ்வளவு மின்சாரமும் எரிவாயுவும் செலவழிக்கும் என்று கணினியில் கணக்கிடும் எனர்ஜி மாடல் ஓடி முடிந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது சேமிப்பு எத்தனை சதவீதம் என்பதைத்தான். பார்க்க வேண்டியது அதற்கு முந்தைய பக்கத்தில் இருக்கும் அன்மெட் ஹவர்ஸ் அட்டவணை, அதாவது அறைகள் கேட்ட வெப்பநிலையை எட்டாமல் போன மணி நேரங்களின் கணக்கு. சிகாகோவில் ஜனவரி மாதத்தில் உள்ளே 64 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஆட்கள் கோட்டோடு உட்கார்ந்திருக்கும் கட்டிடம் எரிவாயுவை மிச்சம் பிடிக்கத்தான் செய்யும். அதைச் சேமிப்பு என்று காட்டிவிடக் கூடாது என்பதற்காக வைத்திருக்கும் காவல்தான் இந்த எண். ப்ரொபோஸ்டு (நாம் கட்டப்போவது), பேஸ்லைன் (ஒப்பிடுவதற்காகத் தரம் வகுக்கும் கற்பனைக் கட்டிடம்) இரண்டு கட்டிடங்களும் ஒரே வசதியைத் தந்தால்தான் செலவை ஒப்பிட முடியும்.

அமெரிக்க ஏர்கண்டிஷனிங் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் 90.1 எரிசக்தித் தரத்தில் உள்ள அப்பெண்டிக்ஸ் ஜி, வருடத்தின் 8,760 மணி நேரத்தில் இந்தக் குறை 300-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. இரண்டு மாடலுக்கும் தனித்தனியாக இந்த வரம்பு உண்டு. 2007 பதிப்பில் கூடுதலாக ஒரு விதி இருந்தது. ப்ரொபோஸ்டு மாடலின் குறை பேஸ்லைனைவிட 50 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, போனால் பேஸ்லைனின் திறனைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பின்னால் வந்த பதிப்புகளில் அது போய்விட்டது. கலிஃபோர்னியாவின் கட்டிட விதியான டைட்டில் 24 வேறு வழியில் போகிறது: அங்கே ஒவ்வொரு ஜோனுக்கும் (ஒரே தெர்மோஸ்டாட்டில் இயங்கும் பகுதிக்கும்) 150 மணி நேரம் என்று கணக்கு. ஆஷ்ரே கட்டிடத்தை மொத்தமாகப் பார்க்கிறது, கலிஃபோர்னியா அறை அறையாகப் பார்க்கிறது. ஒன்றில் தேறிய மாடல் மற்றொன்றில் விழலாம்.

எப்படி எண்ணுகிறார்கள் என்பதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் ஏதாவது ஒரு ஜோன் எல்லைக்கு வெளியே போனாலும் அந்த மணி நேரம் கணக்கில் சேரும். இருபது ஜோன், ஒவ்வொன்றிலும் 20 மணி நேரம் என்றால் மொத்தம் 20 ஆகவும் இருக்கலாம், 400 ஆகவும் இருக்கலாம். எல்லாம் ஒரே நேரத்தில் நடந்ததா, தனித்தனி நேரங்களில் நடந்ததா என்பதைப் பொறுத்தது அது. ஆகவே ஜோன் வரிசையைக் கூட்டிப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

எல்லை என்பது செட்பாயிண்டுக்கு (தெர்மோஸ்டாட்டில் வைத்த வெப்பநிலைக்கு) இருபுறமும் த்ராட்லிங் ரேஞ்சில் (தெர்மோஸ்டாட் விட்டுக்கொடுக்கும் வெப்பநிலை அகலத்தில்) பாதி. எனர்ஜிபிளஸ் மென்பொருள் இதை ரிப்போர்ட்டிங் டாலரன்ஸ் என்ற இடத்தில் கேட்கிறது. அங்கே எதுவும் எழுதாமல் விட்டால் 0.2 டிகிரி செல்சியஸ் என்று எடுத்துக்கொள்ளும். த்ராட்லிங் ரேஞ்ச் 2 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் அதில் பாதியான ஒரு டிகிரி 0.56 செல்சியஸ். வேறு எதையும் தொடாமல் இதைச் சரியாகப் போட்டாலே சில மாடல்களில் நூறு மணி நேரம் காணாமல் போகும். அது ஏமாற்று வேலை அல்ல. ஆனால் ஈக்வெஸ்ட் மென்பொருளில் த்ராட்லிங் ரேஞ்சை 6 டிகிரி, 8 டிகிரி (இனி வரும் டிகிரியெல்லாம் ஃபாரன்ஹீட்) என்று இழுத்துவிட்டுக் குறையை மறைப்பது ஏமாற்று வேலைதான். மாடலைச் சரிபார்க்கும் ரிவ்யூவர்கள் அதைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

எனர்ஜிபிளஸ் தரும் அட்டவணையில் ஒவ்வொரு ஜோனுக்கும் நான்கு எண்கள் இருக்கும்: ஹீட்டிங், கூலிங், ஆட்கள் இருக்கும்போது ஹீட்டிங், ஆட்கள் இருக்கும்போது கூலிங். ஆட்கள் இருக்கிறார்களா என்பதை அது அந்த ஜோனின் பீப்பிள் உள்ளீட்டை வைத்தே முடிவு செய்கிறது. ஆளே போடாத நடைபாதையும் ஸ்டோர் ரூமும் எவ்வளவு குளிர்ந்து கிடந்தாலும் கடைசி இரண்டு எண்களும் பூஜ்யமாகத்தான் இருக்கும். 8,760 மணி நேரத்துக்கும் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அந்தப் பூஜ்யத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது.

இனி விஷயத்துக்கு வருவோம். ஐந்து மாடி, 90,000 சதுர அடி, சிகாகோ அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பேஸ்லைனில் இதற்குத் தரத்தின் பட்டியலிலிருந்து சிஸ்டம் 5 வரும். அதாவது குளிர்பதன வாயுவே காற்றை நேரடியாகக் குளிர்விக்கும் டிஎக்ஸ் கூலிங், அறைக்குப் போகும் காற்றைச் சுடுநீரால் மீண்டும் சூடாக்கும் ரீஹீட், இவற்றுடன் கூடிய பேக்கேஜ்டு விஏவி (அறைக்கு அறை காற்றளவைக் கூட்டிக் குறைக்கும் முறை), மாடிக்கு ஒன்று. ஓட்டிப் பார்த்தால் 640 மணி நேரம் குறை. உடனே கை போகும் இடம் சைசிங் ஃபேக்டர், அதாவது காயிலையும் (காற்றைச் சூடாக்கும் அல்லது குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) காற்றளவையும் எத்தனை மடங்கு பெரிதாக்குவது என்ற எண். ஹீட்டிங்கில் 1.25-ஐ 1.5 ஆக்கு, கூலிங்கில் 1.15-ஐ 1.4 ஆக்கு. எண் இறங்கும், உண்மைதான். ஆனால் பேஸ்லைனில் காற்றளவு ஏறினால் அதற்கு அனுமதிக்கப்படும் ஃபேன் மின்சாரமும் ஏறும். பேஸ்லைன் வீங்க வீங்க நம் கட்டிடம் நல்ல பெயர் வாங்கும். பேஸ்லைனில் குறை பூஜ்யம் என்று வந்தால் ரிவ்யூவருக்குச் சந்தேகம் வருவது இதனால்தான். தரம் பேஸ்லைனுக்குக் கொடுத்திருக்கும் கூடுதல் கூலிங்கில் 15, ஹீட்டிங்கில் 25 சதவீதம். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் குறை 300-க்கு மேல் இருக்க வேண்டும், அதுவும் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும்.

ஆகவே ஃபேக்டரை அப்படியே விட்டுவிட்டு, அட்டவணையிலிருந்து மிக மோசமான ஜோன் ஒன்றைப் பிடியுங்கள். அந்த ஒரு ஜோனுக்கு மட்டும் மணிவாரி வெளியீடு கேளுங்கள்: அறை வெப்பநிலை, செட்பாயிண்ட், டேம்பர் (காற்று வழியின் கதவு) எவ்வளவு திறந்திருக்கிறது, டெர்மினலிலிருந்து (அறைக்கான விஏவி பெட்டியிலிருந்து) வெளிவரும் காற்றின் வெப்பநிலை, ஏஹெச்யூவின் (காற்றைத் தயார் செய்து அனுப்பும் பெரிய யூனிட்டின்) சப்ளை வெப்பநிலை, ஃபேன் ஓடுகிறதா இல்லையா, சுடுநீர் லூப்பின் வெப்பநிலை. ஏழு வரிசை போதும். குறை விழுந்த மணி நேரங்களை மட்டும் வடிகட்டி, நாளின் எந்த நேரம், எந்த மாதம் என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

காலை 7 மணிக்கும் 8 மணிக்கும் மட்டும் குவிந்திருந்தால் அது திறன் குறைவு அல்ல, ஷெட்யூல். இரவில் 60 டிகிரி, காலை 7 மணிக்கு 70. ஃபேனும் 7 மணிக்குத்தான் கிளம்புகிறது, ஆட்களும் 7 மணிக்கே வருகிறார்கள். பத்து டிகிரியை ஒரே நொடியில் ஏற்ற எந்த பாய்லராலும் முடியாது. குளிர்காலம் 26 வாரம், வாரத்துக்கு 5 நாள், சூடேற 2 மணி நேரம் என்று வைத்தால் 260 மணி நேரம். வரம்பு கிட்டத்தட்ட அங்கேயே தீர்ந்தது. ஃபேனையும் செட்பாயிண்டையும் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ முன்னால் தள்ளுங்கள், அல்லது தேவையான நேரத்தைக் கணக்கிட்டு முன்னதாகவே கிளம்பும் ஆப்டிமம் ஸ்டார்ட் கட்டுப்பாட்டைப் போடுங்கள். செய்வதை இரண்டு மாடலிலும் செய்ய வேண்டும். ஷெட்யூல் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது விதி.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கருவிகளின் அளவை மென்பொருள் கணக்கிடும் சைசிங் ஓட்டத்தில் குளிர்கால டிசைன் டே (அளவு கணக்கிட எடுக்கும் கடுங்குளிர் நாள்) என்பது நாள் முழுக்க ஒரே வெளி வெப்பநிலை, உள்ளேயும் ஒரே செட்பாயிண்ட். இரவில் ஆறவிட்டுக் காலையில் ஏற்றும் சுமை அந்தக் கணக்கில் வருவதே இல்லை. அந்த 25 சதவீதம்தான் இந்தக் காலை வேலைக்கு நமக்கு இருக்கும் கையிருப்பு. இரவு செட்பேக்கை (ஆள் இல்லாதபோது இறக்கி வைக்கும் வெப்பநிலையை) 55-க்கு இறக்கினால் அந்தக் கையிருப்பு போதாது.

மாலையிலும் இரவிலும் குறை விழுந்தால் ஃபேன் ஷெட்யூலையும் செட்பாயிண்ட் ஷெட்யூலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செட்பாயிண்ட் இரவு 10 மணி வரை 75-ல் நிற்கும், ஃபேன் 6 மணிக்கே அணைந்திருக்கும். வெவ்வேறு ஆள் வெவ்வேறு நாளில் எழுதிய ஷெட்யூல்கள் இப்படித்தான் முட்டிக்கொள்ளும். இரவெல்லாம் 60-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் நைட் சைக்கிள் இல்லை என்று அர்த்தம். ஆள் இல்லாத நேரத்தில் செட்பேக் வெப்பநிலையைக் காக்க ஃபேன் விட்டுவிட்டு ஓட வேண்டும். எனர்ஜிபிளஸில் அதற்கான அவைலபிலிட்டி மேனேஜரை நாம்தான் போட வேண்டும், தானாக வராது.

ஷெட்யூல் எல்லாம் சரி, ஜனவரி முழுக்க எல்லா ஜோனும் எல்லா நேரமும் குளிர்கிறது என்றால்? அப்போதும் காயிலைத் தொட வேண்டாம். சைசிங் எந்த வெப்பநிலைக்கு நடந்தது என்று பாருங்கள். எனர்ஜிபிளஸில் மிக அதிகமாகக் காணும் பிழை இது. ஹீட்டிங் செட்பாயிண்ட் ஷெட்யூலில் வார நாட்களுக்கு 70 என்று எழுதி, மற்ற எல்லா நாட்களுக்கும் 60 என்று எழுதிவிடுகிறோம். குளிர்கால டிசைன் டே வார நாள் அல்ல, தனி வகை. அதனால் அது "மற்ற எல்லா நாட்கள்" என்ற வரியில் போய் விழுகிறது. மொத்தக் கட்டிடமும் 60 டிகிரிக்கே சைஸ் ஆகிறது. மைனஸ் குளிரில் 10 டிகிரி குறைவு என்றால் கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு திறன் போயிற்று. டிசைன் டேக்கள் இரண்டுக்கும் தனி வரி எழுதுவதே பாதுகாப்பு.

உள் சுமைகளும் இதே கதைதான். விளக்கு, கணினி, ஆட்கள் எல்லாம் "எல்லா நாட்களும்" என்ற ஷெட்யூலில் இருந்தால் குளிர்கால டிசைன் டேயிலும் அவை எரிந்து அறையைச் சூடாக்கும், ஹீட்டிங் காயில் சிறுத்துவிடும். 90.1 தெளிவாகவே சொல்கிறது: கூலிங் சைசிங்கில் வருடத்திலேயே மிக உயர்ந்த மணிநேர மதிப்பை நாள் முழுக்க வை, ஹீட்டிங் சைசிங்கில் மிகத் தாழ்ந்ததை நாள் முழுக்க வை. வானிலைக்கு 99.6 சதவீத ஹீட்டிங் வெப்பநிலை (வருடத்தில் 0.4 சதவீத நேரம்தான் இதற்குக் கீழே போகும்), 1 சதவீத கூலிங் வெப்பநிலை (1 சதவீத நேரம்தான் இதற்கு மேலே போகும்). 8,760-ல் 0.4 சதவீதம் 35 மணி நேரம், 1 சதவீதம் 88 மணி நேரம். இரண்டும் சேர்ந்து 123. டிசைன் வானிலையைத் தாண்டிப் போகக்கூடிய நேரம் இயல்பாகவே அவ்வளவுதான். 640 வருகிறது என்றால் வானிலையைக் குறை சொல்லிப் பயனில்லை.

இப்போது விஏவி பெட்டிக்கு வருவோம். திறனை ஏற்றியும் குறை அசையாமல் நிற்கும் மாடல்களில் பாதிக்கு மேல் இங்கேதான் சிக்கியிருக்கும் என்பது என் கணிப்பு.

வடகிழக்கு மூலை அறை. கூலிங் காற்றளவு 600 சிஎஃப்எம் (நிமிடத்துக்குக் கன அடி), குறைந்தபட்சம் 30 சதவீதம், அதாவது 180. ஹீட்டிங்கின்போது டேம்பர் குறைந்தபட்சத்திலேயே நிற்கிறது. ரீஹீட் காயிலிலிருந்து அதிகபட்சம் 95 டிகிரியில் காற்று வரலாம், அறை 70. கணக்குப் போடுங்கள்: 1.08 (காற்றுக்கான மாறிலி) பெருக்கல் 180 பெருக்கல் 25, மொத்தம் மணிக்கு 4,860 பிடியூ (வெப்ப அலகு). அறை இழப்பதோ மணிக்கு 8,000. காயிலை இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் 95 என்ற உச்சவரம்பு அங்கேயே இருக்கிறது, 180 சிஎஃப்எம்மும் அங்கேயே இருக்கிறது. 8,000 பிடியூ தர 296 சிஎஃப்எம் வேண்டும், உச்ச அளவில் 49 சதவீதம். எனர்ஜிபிளஸில் டேம்பர் ஹீட்டிங் ஆக்‌ஷன் "நார்மல்" என்று இருந்தால் ஹீட்டிங்கில் டேம்பர் திறக்கவே திறக்காது. "ரிவர்ஸ் வித் லிமிட்ஸ்" என்று மாற்றி, ஹீட்டிங்கின்போது எவ்வளவு வரை திறக்கலாம் என்று எல்லையும் கொடுக்க வேண்டும். ப்ரொபோஸ்டு மாடலில் கன்ட்ரோல் வரைபடம் அப்படிச் சொல்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். வரைபடத்திலேயே குறைந்தபட்சத்தில் நிற்கும் என்று எழுதியிருந்தால் அந்தக் குளிர் உண்மையான குளிர்.

கூலிங் பக்கத்தில் இதே மாதிரிப் பொறி சப்ளை காற்று ரீசெட், அதாவது சப்ளை காற்றின் வெப்பநிலையைச் சுமைக்கேற்ப மாற்றுவது. பேஸ்லைனில் அறைக்கும் சப்ளைக்கும் 20 டிகிரி வித்தியாசத்தில் காற்றளவு வருகிறது. 75 டிகிரி அறை, 55 டிகிரி காற்று, 12,000 பிடியூ உணர் வெப்பம் (ஈரப்பதத்தைச் சேர்க்காத, வெப்பநிலையை மட்டும் மாற்றும் வெப்பம்) என்றால் 556 சிஎஃப்எம். சுமை குறைவான நேரத்தில் சப்ளையை 5 டிகிரி உயர்த்த வேண்டும் என்று பேஸ்லைன் விதி. இதை மிகச் சூடான ஜோனைப் பார்த்து உயர்த்த வேண்டும். சிலர் வேலை சுலபம் என்று வெளி வெப்பநிலையைப் பார்த்து உயர்த்திவிடுகிறார்கள். ஏப்ரல் மாலை, வெளியே 50 டிகிரி, மேற்குக் கண்ணாடியில் வெயில் அடிக்கிறது. சப்ளை 60-ல் வருகிறது. அதே 556 சிஎஃப்எம் இப்போது 9,000 பிடியூதான் தரும். நான்கில் ஒரு பங்கு காணவில்லை. மணிவாரி வெளியீட்டில் டேம்பர் முழுக்கத் திறந்திருக்கும், சப்ளை 60 என்று காட்டும். டிஎக்ஸ் காயில் பாதித் திறனில் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். அதை எவ்வளவு பெரிதாக்கி என்ன பயன்?

சர்வர் ரூமை அலுவலக ஏஹெச்யூவிலேயே மாட்டிவிடுவது இன்னொன்று. மாலை 6 மணிக்கு ஃபேன் நிற்கும், சர்வர் நிற்காது. அந்த ஒரு அறையே ஆயிரக்கணக்கில் குறை தரும். பேஸ்லைனில் இப்படி விலகி நிற்கும் அறைகளைப் பிரித்து சிஸ்டம் 3 அல்லது 4 (ஒரே ஜோனுக்கான தனி யூனிட்) கொடுக்க விதியே இருக்கிறது: சுமை சராசரியிலிருந்து சதுர அடிக்கு 10 பிடியூவுக்கு மேல் விலகினால், அல்லது ஷெட்யூல் வாரத்துக்கு 40 முழுச்சுமை மணி நேரத்துக்கு மேல் விலகினால். இந்தப் பிரிப்பைச் செய்யாததால் வரும் குறை நிறைய.

படிக்கட்டும் வெஸ்டிப்யூலும் (வாசல் இடைக்கூடமும்) சின்ன விஷயம், ஆனால் எண்ணிக்கை பெரிது. அங்கே சுவரில் ஒரு ஹீட்டர் மட்டும்தான் இருக்கும். அலுவலகத் தெர்மோஸ்டாட்டை எல்லா ஜோனுக்கும் நகல் எடுத்து ஒட்டும்போது 75 டிகிரி கூலிங் செட்பாயிண்டும் கூடவே ஒட்டிக்கொள்கிறது. கூலிங்கே இல்லாத இடம் கோடை முழுக்கக் குறையாகப் பதிவாகும். ஸ்டோர், படிக்கட்டு, வெஸ்டிப்யூல், மின்சார அறை போன்ற ஹீட்டிங் மட்டும் உள்ள இடங்களுக்கு பேஸ்லைனில் சிஸ்டம் 9 அல்லது 10 உண்டு. கூலிங் செட்பாயிண்டை எடுத்துவிடுங்கள். ஆனால் வழக்கமாக ஆட்கள் உட்காரும் அறையில் டிசைனில் கூலிங் இல்லையென்றால் அந்தச் சலுகை கிடையாது. ப்ரொபோஸ்டு மாடலிலும் பேஸ்லைன் மாதிரியே ஒரு கூலிங்கைப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

ஒரே ஒரு ஜோன் மட்டும் தனியாக நின்று படுத்துகிறதென்றால் அதன் சுமையைப் பிரித்துப் பாருங்கள். ஈக்வெஸ்டில் எல்எஸ்-பி அறிக்கை, எனர்ஜிபிளஸில் ஜோன் காம்போனென்ட் லோட் அட்டவணை. உள் சுவர் ஒன்று வெளிப்புறம் என்று பதிவாகியிருக்கும், அல்லது கசிவுக் காற்றில் அலகு மாறியிருக்கும். சுவர் வழியாக மட்டும் முக்கால் பங்கு சுமை என்றால் அது சுவர் அல்ல, மாடலில் வரைந்ததில் நேர்ந்த தவறு.

ப்ரொபோஸ்டு மாடலில் நிலைமை வேறு. டிசைன் முடிந்த கட்டிடத்தில் வரைபடத்தின் எக்யுப்மென்ட் ஷெட்யூலில் உள்ள திறனைத்தான் போட வேண்டும், மென்பொருளே அளவு போடும் ஆட்டோசைஸுக்கு விட முடியாது. அங்கே குறை வந்தால் முதலில் எண்ணை எப்படிப் போட்டோம் என்று பார்க்க வேண்டும். கேட்லாக்கில் இருப்பது ஃபேன் வெப்பம் கழித்த நிகரத் திறன். எனர்ஜிபிளஸின் டிஎக்ஸ் காயில் கேட்பது ஃபேன் வெப்பம் கழிக்காத மொத்தத் திறன். பத்து டன் யூனிட்டில் ஃபேன் 3 கிலோவாட் என்றால் மணிக்கு 10,236 பிடியூ, யூனிட்டின் மொத்த 1,20,000-ல் எட்டரை சதவீதம். நிகரத்தை அப்படியே போட்டால் ஃபேன் வெப்பம் இரண்டு முறை கழிகிறது. டென்வர் மாதிரி உயரமான ஊரில் இன்னொரு கணக்கு. கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரம், காற்று அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. 1.08 என்ற எண் அங்கே 0.9 பக்கம் வந்துவிடும். கடல் மட்டக் காற்றின் அடர்த்திக்குச் சொன்ன சிஎஃப்எம்மை அப்படியே எழுதினால் அதே அளவு வெப்பம் கிடைக்காது.

வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து உள்ளே தரும் ஹீட் பம்ப் இருந்தால் கேட்லாக்கில் 47 டிகிரி வெளி வெப்பநிலையில் சொன்ன திறனை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். 17 டிகிரியில் சொன்ன திறனையும் கேளுங்கள். அந்த இரண்டு புள்ளிகளையும் வைத்துத் திறன் வளைவை உருவாக்க வேண்டும். மென்பொருளோடு வந்த வளைவு வேறு ஏதோ ஒரு யூனிட்டுடையது. துணை ஹீட்டர் எந்த வெளி வெப்பநிலைக்கு மேல் அணையும், கம்ப்ரஸர் எதற்குக் கீழே நிற்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கம்ப்ரஸர் 20-ல் நின்று துணை ஹீட்டரும் இல்லாவிட்டால் சிகாகோவின் ஜனவரி முழுக்கச் சிவப்பாகத்தான் வரும்.

இத்தனையும் சரிபார்த்த பிறகும் ப்ரொபோஸ்டு மாடலில் 350, 400 என்று நிற்கிறதா? அப்போது அது மாடலின் குறை அல்ல. ஜோன் பெயர், எந்த மாதம், எந்த நேரம், எத்தனை டிகிரி குறைவு, எத்தனை பிடியூ பற்றாக்குறை, டேம்பரும் காயிலும் அந்த நேரத்தில் எந்த நிலையில் இருந்தன என்று ஒரே பக்கத்தில் எழுதி மெக்கானிக்கல் இன்ஜினியருக்கு அனுப்புங்கள். அவர் பெட்டியின் அளவை மாற்றினால் புதிய வரைபடத்தின் எண்ணைப் போடலாம். மாற்றமாட்டேன் என்றால் அதே பக்கத்தை ரேட்டிங் அதிகாரிக்கு (மாடலை ஏற்பதா என்று முடிவு செய்பவருக்கு) விளக்கமாகக் கொடுக்கலாம். மாடலின் துல்லியம் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்று காட்ட முடிந்தால் 300-க்கு மேலும் ஏற்றுக்கொள்ள அவருக்கு இடம் உண்டு. அந்தப் பக்கத்தில் த்ராட்லிங் ரேஞ்ச் எவ்வளவு, சைசிங் ஃபேக்டர் எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் முதலிலேயே எழுதிவிடுங்கள். ரிவ்யூவரின் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.